சிந்து கும்பிடவில்லை

லீலாவதியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். "என்னப் பத்தி என்னாக்கா இருக்குது எழுதறதுக்கு?" என்பாள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் இரண்டறை வீட்டில் குடித்தனம் நடத்தியவள். மத்திய அரசு கிளார்க் ஒருவரின் மனைவி. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் தைரியசாலிகளைப் பற்றியே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பயந்தவர்கள் நடுங்கிக்கொண்டே செய்த காரியங்களுக்கு யார் கணக்கு வைப்பது? லீலா பயந்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்களுக்கு நேர் மாடியில் எங்கள் வீடு. அவள் கணவர் கலியனுக்கும் எனக்கும் லோதி ரோட்டில்தான் ஆபீஸ், வேறு வேறு கட்டடம். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு ரூல் இருக்கும், அந்த ரூலில் தனக்கு ஓர் ஆபத்து ஒளிந்திருக்கும் என்று நம்புகிறவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கலியனுக்கு வெளிச்சத்திலும் தெரியும்.

அவர் லீலாவின் தாய்மாமன். அவளுடைய அம்மாவின் கடைசித் தம்பி. நம் பக்கம் இதைச் சொன்னால், "நல்லதாப் போச்சு, பொண்ணு கண்ணெதிர்ல இருக்கும்" என்று காப்பி கொடுப்பார்கள். டெல்லியில் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே தாய்மாமன் என்றால் அப்பாவுக்குச் சமம். கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த இடத்தில் வீட்டுக்காரம்மாள் பேச்சுவாக்கில் கேட்க, லீலா வெள்ளையாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் "ஹாய் ராம்!" என்று கன்னத்தில் கை வைத்தவள், அதற்குப் பிறகு லீலா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. போதாக்குறைக்குக் கலியனின் ஆபீசில் ஒரு மேதாவி, இப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்லாது, வேலைக்கே உலை வைக்கும் என்று கொளுத்திப் போட்டான். வழக்கமுள்ளவர்களுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பயம் பிடித்தவன் காதில் விலக்கு ஏறுமா? "யார் கேட்டாலும் சொந்தமில்லன்னு சொல்லு லீலா" என்பது அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. எங்களைப் போன்ற தமிழ்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மூத்தவன் பிரதீப் பிறந்தான், கிண்ணென்று வளர்ந்தான். ஐந்து வருஷம் கழித்து, தொண்ணூற்றெட்டில், சிந்து. அவளும் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள். "அம்மா" என்றாள், "தா" என்றாள், பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்ததை எல்லாம் "காக்கா" என்றாள். என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுப்பதில் அவளுக்கு ஒரு தனி ஆசை. அந்தப் பிடி இரும்புப் பிடி. நான் கத்தக் கத்தச் சிரிப்பாள்.

கீழ்வீட்டில் சாவ்லா ஆன்ட்டி என்று ஒரு பஞ்சாபிப் பெண்மணி. சித்திரையில் ஒரு நவராத்திரி, புரட்டாசிப் பக்கம் ஒரு நவராத்திரி, இரண்டையும் கொண்டாடுவார். அஷ்டமியன்று அக்கம்பக்கத்துச் சின்னப் பெண்குழந்தைகளை எல்லாம் கூட்டி வந்து, வரிசையாக உட்காரவைத்து, கால் கழுவி, பொட்டு வைத்து, பூரியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் அல்வாவும் கொடுப்பார். அன்றைக்கு ஒரு நாள் அந்தக் குழந்தைகள் எல்லாம் தேவி. சிந்து முதல் தடவை போனபோது ஒரு வயது கடந்திருந்தாள். அல்வாவை ஒரு கை அள்ளி வாயில் பாதி, சாவ்லா ஆன்ட்டியின் துப்பட்டாவில் பாதி அப்பினாள். வீடே சிரித்தது.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய பேச்சு நின்றது. ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் காக்கா போனது. பிறகு தா. கடைசியாக அம்மாவும் போனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், ஆனால் வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவள் மாதிரி இருக்கும். நடக்க ஆரம்பித்திருந்தவள் காலை அகட்டி அகட்டித் தள்ளாடினாள். காரணமில்லாமல் வீறிட்டு அழுவாள், தூக்கினாலும் அடங்காது.

இதற்குள் ஆலோசனைகள் வந்து குவிந்துவிட்டன. டெல்லியில் தமிழனுக்கு வீடு கிடைப்பதுதான் கஷ்டம், உபதேசம் தாராளமாகக் கிடைக்கும். பல் முளைக்கிற கோளாறு என்றார்கள். திருஷ்டி என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ரிட்டையர்டு அண்டர் செக்ரட்டரி மாமா வந்து, "ஆத்துல தமிழ், வெளியில ஹிந்தி, பையன் பேசறது இங்கிலீஷ். குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடுத்து. ஒரே பாஷையில பேசுங்கோ, எல்லாம் சரியாப் போயிடும்" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போனார்.

லீலா என்னிடம் வந்து கேட்டாள். "ஏக்கா, பிரதீப்பும் இதே மூணு பாஷையிலதான வளந்தான்? அவன் வாய மூடவே மாட்டேங்கிறானே?"

அந்த அண்டர் செக்ரட்டரியே வந்தாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்கமாட்டார்.

பிறகு அந்தக் கை. அடுத்த நவராத்திரி வருவதற்குள் சிந்துவின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே ஒன்றுசேர ஆரம்பித்தன. விரலோடு விரல் கோத்து, பிசைந்து, கூப்பி, மறுபடியும் பிசைந்து. பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுகிற மாதிரியே இருக்கும். சாவ்லா ஆன்ட்டி பூரித்துப்போனார். "தேக்கோ, மாதா ராணி கோ நமஸ்தே கர் ரஹீ ஹை!" என்று தெருவையே கூப்பிட்டார். அம்பாளுக்கு நமஸ்தே செய்கிறதாம் குழந்தை. எங்கிருந்தோ எல்லாம் பெண்கள் வந்து பார்த்தார்கள். சிலர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பேசாத குழந்தை, எந்நேரமும் கூப்பிய கை, பெரிய பெரிய கண். அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

லீலாவுக்கும் அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன். பெற்ற வயிறு ஆறுதல் எங்கே கிடைத்தாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். "சாமி புள்ளையோ என்னமோக்கா" என்பாள். சொல்லிவிட்டு உடனே என் முகத்தைப் பார்ப்பாள், நான் நம்புகிறேனா என்று.

குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒரே வேலை, சிந்துவைப் பார்ப்பது. பல்லை நறநறவென்று கடிக்கிறாளா, பார். திடீரென்று நாய் மாதிரி வேகவேகமாக மூச்சு வாங்குகிறாள், பிறகு மூச்சையே நிறுத்திவிடுகிறாள், அதைப் பார். அந்த மூச்சு நிற்கிற நேரத்தில் லீலாவின் மூச்சும் நின்றுவிடும். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் எழுந்து போகமாட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவள் பாதியில் திரும்பி ஓடிவந்திருக்கிறாள். நன்றாக இருந்த பெண் ஆறு மாதத்தில் கண் குழிந்து எலும்பாகிவிட்டாள்.

"பெரிய டாக்டர்கிட்ட காட்டு லீலா" என்று நான் சொல்லாத நாள் இல்லை. தலையை ஆட்டுவாள், போகமாட்டாள். ஒருநாள் துணி உலர்த்தும்போது அதட்டிக் கேட்டேன்.

"போனா முதக் கேள்வி என்னா கேப்பாங்கன்னு தெரியும்க்கா" என்றாள். "சொந்தத்துல கட்டினா புள்ள இப்பிடித்தான் பொறக்கும்னு டிவிலயே சொல்றாங்க. நாங்க பண்ணதுக்கு அவ அனுபவிக்கிறா. அத ஒரு டாக்டர் வாயால வேற கேக்கணுமா நானு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தைக்கு என்ன என்று தெரியாமல் அவள் தவிக்கவில்லை. தெரிந்துவிட்டதாகவே நினைத்து, அந்தப் பழியை முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியே சொல்லாமல் வெந்துகொண்டிருந்தாள்.

இரண்டாயிரமாவது வருஷம் சித்திரை நவராத்திரி. சாவ்லா ஆன்ட்டி வீட்டில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிந்துவுக்கு நடுநாயகமான இடம். கால் கழுவி, நெற்றியில் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு சிவப்புத் துப்பட்டா போர்த்தியிருந்தார்கள். எல்லோர் தட்டிலும் பூரியும் அல்வாவும் விழுந்தன. மற்றப் பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தார்கள். சிந்து அல்வாவைப் பார்த்தாள். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தலை தட்டை நோக்கிச் சாய்ந்தது, வாய் திறந்தது, எச்சில் ஒழுகியது. கைகள் மட்டும் நெஞ்சில் பிசைந்துகொண்டே இருந்தன.

"பூஜை முடியட்டும் என்று காத்திருக்கிறாள், பாருங்கள்" என்று சாவ்லா ஆன்ட்டி ஹிந்தியில் சொல்ல, எல்லோரும் உருகினார்கள்.

லீலா எழுந்து போய்க் குழந்தை எதிரில் மண்டியிட்டாள். கூப்பிய கைகளைப் பிரித்தாள். பிரிக்கப் பலம் வேண்டியிருந்தது. வலது உள்ளங்கையில் கொஞ்சம் அல்வாவை வைத்து, விரல்களை மடக்கினாள். விட்டதும் விரல் திறந்தது, அல்வா தரையில் விழுந்தது, கைகள் மறுபடி போய் ஒட்டிக்கொண்டன. இன்னொரு தரம் வைத்தாள். இன்னொரு தரமும் விழுந்தது. சிந்துவின் கண் கீழே விழுந்த அல்வாவின் மேலேயே இருந்தது.

லீலா திரும்பி, அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அக்கா, இவ கும்பிடல. இவளுக்குக் கை வரல. பசிக்குது, கை வர மாட்டேங்குது."

அங்கே வேறு யாருக்கும் அது புரியவில்லை. ஜெய் மாதா தீ என்று பாட்டு ஆரம்பித்துவிட்டது.

மறுநாளே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டர் தலையின் சுற்றளவை அளந்து பார்த்து, வயதுக்கு வளரவில்லை என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனடிக்ஸ் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். ஜெனடிக்ஸ் என்றால் பரம்பரை என்று கலியனுக்குத் தெரியும். "அங்க வேணாம்" என்று இரண்டு நாள் ஒற்றைக்காலில் நின்றார். லீலா சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் அன்றைக்குப் போகவில்லை. நடந்ததை லீலா வந்து சொன்னாள். நடுவயதுப் பெண் டாக்டராம். பொறுமையாக உட்காரவைத்து, குடும்ப விவரங்களைக் கேட்டுக் கட்டமும் வட்டமுமாகக் கோடு போட்டு வரைந்தாராம். உறவுக்குள் கல்யாணமா என்று கேட்டாராம். "நஹீ" என்று கலியன் சொல்லிவிட்டார். லீலா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சிந்துவின் கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, மூத்த டாக்டர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

அந்த ஒரு வாரம் லீலா பட்ட பாடு இருக்கிறதே. மாடிப்படியில் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். "டாக்டர் ஏன்க்கா உடனே சொல்லல? நாங்க பொய் சொன்னதாலதான கொழம்பிட்டாங்க? வேற வியாதின்னு நெனச்சி வேற மருந்து குடுத்துட்டா? பொய் சொல்லி வாங்கின மருந்து வேல செய்யுமா?" கலியனிடம் சொன்னால் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "சொன்னா எழுதி வெச்சிடுவாங்க லீலா. எழுதினது எங்க போவும்னு தெரியுமா? நான் கவர்மெண்ட் ஆளு."

கடைசியில் குறித்த நாளுக்கு முன்பே ஒரு காலையில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "அவரு ஆபீஸ் போயிட்டாரு. நீங்க வர்றீங்களா, நான் தனியாப் போவட்டுமா?" மோதி பாக்கைத் தாண்டி அவள் தனியாகப் பஸ் ஏறியதே கிடையாது. நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. வரிசையில் அவளை நிறுத்திவிட்டு, வெளியே டெலிபோன் பூத்திலிருந்து கலியனின் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒளித்து மறைத்துச் செய்வது எனக்கு ஒத்துவராது. "உங்க பெண்டாட்டி நிஜத்தைச் சொல்ல வந்திருக்கா. வர்றதானா வாங்க" என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார், ஆனால் உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்கத்தான் நான் போயிருந்தேன். லீலா எனக்கு வேலை வைக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர் சாப், உஸ் தின் ஜூட் போலா. மேரா ஆத்மி... மேரா மாமா ஹை. மேரீ மா கா பாயீ."

அன்றைக்குப் பொய் சொன்னோம், என் கணவர் என் அம்மாவின் தம்பி என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அச்சா. தெற்கில் இது வழக்கம்தானே, எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்" என்றார். பிறகு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

முதலில் கண்டறிந்த ரெட் என்ற டாக்டரின் பெயரால் இதற்கு ரெட் சிண்ட்ரோம் என்று பெயர். அநேகமாகப் பெண்குழந்தைகளுக்குத்தான் வரும். பிறக்கும்போது தெரியாது. ஒரு வயதுக்குப் பிறகு, கற்றுக்கொண்ட பேச்சு போகும், கையின் உபயோகம் போகும், கைகள் இப்படி ஓயாமல் பிசைந்துகொள்ளும், மூச்சு தாறுமாறாகும். இதற்குக் காரணமான ஜீனைப் போன வருஷம்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரத்தத்தில் பார்ப்பதற்கு இங்கே இன்னும் வசதி இல்லை. ஆனால் மூத்த டாக்டர்களும் அவரும் பார்த்த அளவில் சந்தேகமில்லை. குணப்படுத்த மருந்து கிடையாது. வலிப்பு வந்தால் அதற்கு மருந்து உண்டு, காலுக்கும் முதுகுக்கும் பயிற்சி உண்டு, சாப்பாடு ஊட்டும் முறை உண்டு.

"இன்னொன்று" என்றார் டாக்டர். "இது உறவில் கட்டியதால் வந்ததில்லை. உறவில் கட்டினால் வரக்கூடிய நோய்கள் இருக்கின்றன, அதை மறுக்கமாட்டேன். அதனால்தான் கேட்டேன். ஆனால் இது அந்த வழியில் வருவதில்லை. கருவாகும் நேரத்தில் தானாக ஏற்படுகிற மாற்றம். முன்பின் தெரியாத இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டாலும் வரும்."

"அத இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்கக்கா" என்றாள் லீலா.

டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். அழவில்லை. "அப்ப எதனால?" என்று கேட்டாள். எதனாலும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. இத்தனை மாதமாகச் சுமந்த பழியை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். இறக்கிய பிறகு கையில் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றுமே இல்லை.

டாக்டர் சிந்துவின் பக்கம் குனிந்தார். "இவள் கண்ணைப் பாருங்கள். வாயும் கையும் செய்யாததை இந்தக் குழந்தைகள் கண்ணால் செய்வார்கள். எது வேண்டுமோ அதைப் பார்ப்பார்கள். பிடித்த பொருள் ஏதாவது ஒன்றிலிருந்துதான் பழக்க ஆரம்பிக்கவேண்டும். இவளுக்கு என்ன பிடிக்கும்?"

நான் தமிழில் சொன்னேன். லீலா வாயைத் திறந்தாள். மூடினாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூச்சு எத்தனை தரம் நிற்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எந்தப் பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இதற்கு, "தெரியலக்கா" என்றாள். அப்போதுதான் உடைந்து அழுதாள்.

வெளியே தாழ்வாரத்தில் கலியன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். முகம் கோபத்தில் கறுத்திருந்தது. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"நம்மளால இல்லியாம்."

அவருக்கு அது உள்ளே போகவில்லை. "அப்ப யாராலயாம்?"

"யாராலயும் இல்லியாம்ங்க. தானா வந்துதாம். மருந்து இல்லியாம்."

கலியன் சுவரோரம் அப்படியே குந்திவிட்டார். ஆபீஸ் பேன்ட், ஆபீஸ் சட்டை, கழுத்தில் தொங்குகிற ஐடென்டிட்டி கார்டு. போகிற வருகிற ஜனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. "யாராவது காரணம்னா சண்டையாவது போட்டிருக்கலாம்" என்றார்.

லீலா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "டாக்டர் ஒண்ணு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. இவளுக்கு என்னா புடிக்கும்னு கேட்டாங்க. ஒரு வருசமா இவளத்தான பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியலியே."

கலியன் கையை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பஸ்ல ஜன்னலோரம்" என்றார்.

"என்னாது?"

"ஜன்னலோரம் உக்கார வெச்சா காத்து மூஞ்சில அடிக்கும்ல, அதுக்குச் சிரிப்பா. போன வாட்டி வந்தப்ப தௌலா குவான் தாண்டி, அந்தக் காட்டு ரோடு பூரா சிரிச்சிக்கிட்டே வந்தா. நீ பாக்கல. நீ அவ கையையே பாத்துக்கிட்டு வந்த."

மூவரும் குழந்தையோடு வெளியே வந்து ஸ்டாப்பில் நின்றோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்தது. நிற்க இடமிருந்தது. "ஆவோ ஆவோ, ஜல்தி!" என்று கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினான். கலியன் எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்ததிலும் ஜன்னலோரம் ஆட்கள் இருந்தார்கள். லீலா முந்தானையைக் குழந்தையின் தலைமேல் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மத்தியானம் ஆபீசில் இருந்தாகவேண்டும். நானும் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.